அரை நொடித் தாமதம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடம். பத்து வருடம் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தேன். நான் கரும்பலகையில் எழுதியதை அடுத்த பீரியடுக்கு வருகிறவர் அழிக்க மனசில்லாமல் ஓரத்தில் இடம் பிடித்து எழுதிவிட்டுப் போவார். அதனால்தான் டைப் அடிக்க ஆள் வேண்டாம், பேப்பரும் பேனாவும் கொடுங்கள் என்று கேட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன்.

என் பெயர் ஜெரால்ட். வயது முப்பத்தொன்பது. வீடு வில்லாபுரம். மனைவி ரூத் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். குழந்தைகள் இல்லை. இறந்துபோன பீமாராவ் என் நண்பன். கல்லூரியில் ஒரே பெஞ்சு. அவன் ஊர் நாகமலை புதுக்கோட்டை தாண்டி உள்ளே. அவன் அம்மா பாண்டியம்மாள் நடவுக்குப் போய்த்தான் அவனைப் படிக்க வைத்தார். கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்தபோது ரத்தம் நிற்கவில்லை. பி நெகட்டிவ் கிடைக்காமல் அந்த அம்மா இறந்தபோது பீமாராவ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து ரத்தம் ரத்தம் என்றே அலைந்தான். எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு போய், யார் யாருக்கு என்ன வகை, கூப்பிட்டால் வருவார்களா என்று எழுதிக்கொண்டு வருவான்.

அந்த நோட்டை ஒரு வெப்சைட்டாக ஆக்கித் தந்தவன் நான். தளத்துக்கு அவன் அம்மா பெயரையே வைத்தான். ரத்தம் தேவைப்படுகிறவர்கள் வகையையும் ஊரையும் தட்டினால் கொடையாளர்கள் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே பச்சை நிறத்தில் 'அழைக்க' என்று ஒரு பட்டன். தொட்டால் போன் போகும். மதுரையைச் சுற்றி ஐந்தாறு ஆம்புலன்ஸ் எண்களும் அதே மாதிரி.

தளத்தை நடத்தச் செலவு இருந்தது. அதற்காக விளம்பரங்கள் போட்டோம். தளத்தில் ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டால் போதும். நகைக்கடையோ மெத்தைக் கம்பெனியோ, எதைக் காட்டுவது என்பதை விளம்பர நிறுவனமே பார்த்துக்கொள்ளும். எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதைப் பொறுத்து நமக்கு ஒரு பங்கு. தொடத்தான் ஆளில்லை. ஆயிரம் பேர் பார்த்தால் ஒருவர் தொட்டால் பெரிது.

பீமாராவுக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. "நீ பாத்துக்க மாப்ள, நான் ஆளுகளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். நான் பார்த்துக்கொண்டேன்.

முதல் ஒரு வருடம் நான் செய்தது எல்லாமே யாரும் செய்யக்கூடிய ஒழுங்கான வேலை. அதை நீங்கள் எந்த நிபுணரை வைத்து வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். பக்கம் மெதுவாகத் திறந்துகொண்டிருந்தது, வேகமாக்கினேன். அடியில் யாரும் பார்க்காமல் கிடந்த கட்டத்தை மேலே கொண்டுவந்தேன். போன் திரைக்குத் தகுந்த அளவுக்கு மாற்றினேன். ஒன்று நாலாயிற்று. பள்ளியில் என் வகுப்பு தேர்ச்சி விகிதம் ஏறும்போது ஒரு நிம்மதி வருமே, அது வந்தது. அந்த வருமானத்தில் பீமாராவ் ஒரு பழைய ஆம்னி வண்டியை வாங்கி, ஸ்ட்ரெச்சரும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் வைத்து ஆம்புலன்ஸ் ஆக்கினான். அந்த வண்டி என் விளம்பரங்களால் ஓடியது. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

போன வருடம் மார்கழி மாதத்தில் ஒரு நாள் தொடுதல்களின் எண்ணிக்கை திடீரென்று எட்டு மடங்கு ஏறியிருந்தது. ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்ததில் காரணம் சின்னது. ஒரு வரியைத் தவறாக எழுதியிருந்தேன். அதனால் விளம்பரம் அரை நொடி தாமதமாக வந்தது. பக்கம் திறக்கும், பச்சைப் பட்டன் தெரியும், ஆள் விரலைக் கொண்டுபோவார், சரியாக அந்த நேரத்தில் மேலே விளம்பரம் வந்து உட்காரும், பட்டன் ஓர் அங்குலம் கீழே இறங்கிவிடும். விரல் விளம்பரத்தின் மேல் விழும்.

சரிசெய்யத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு முறை கணக்கைப் புரட்டினேன். கொடையாளர்கள் பேட்டி, முகாம் செய்தி போன்ற பக்கங்களில் அந்தத் தாமதம் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. நிதானமாகப் படிக்கிறவர்கள் விரலை நிறுத்திக்கொள்கிறார்கள். அவசரமாக ரத்தம் தேடுகிறவர்கள்தான் தொட்டிருந்தார்கள். கை நடுங்குகிறவர்கள். அதிலும் ஒரு வித்தியாசம் இருந்தது. ஓ பாசிட்டிவ் தேடுகிறவர்கள் ஒரு தடவை தவறினால் தளத்தை மூடிவிட்டு வேறு யாரையாவது கேட்கப் போய்விடுகிறார்கள். ஏபி நெகட்டிவ், ஓ நெகட்டிவ் தேடுகிறவர்கள் போவதில்லை. திரும்பி வந்து திரும்பத் தொடுகிறார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.

எனவே அந்தத் தாமதத்தை எல்லோருக்கும் வைக்காமல், நெகட்டிவ் வகைகளுக்கும் ஆம்புலன்ஸ் பக்கத்துக்கும் மட்டும் வைத்தேன். எல்லோரையும் தொந்தரவு செய்வதைவிட அது நியாயமாகப் பட்டது. விளம்பர நிறுவனத்துக்கும் சந்தேகம் வராது. அப்புறம் போன் எண்கள் வெளியே தெரியாதபடி பட்டனுக்குள் மறைத்தேன். பெண் கொடையாளர்களுக்குக் கண்டவனும் போன் செய்கிறான் என்று பீமாராவிடம் காரணம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. அப்படி இரண்டு புகார்கள் வந்திருந்தன. அதன் பிறகு பட்டனைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

முன்பு ஒருவர் எங்கள் தளத்தில் சராசரியாக நாற்பது நொடி இருப்பார். அது நான்கு நிமிடமாக உயர்ந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரிய ஏஜென்சிக்காரர் போன் செய்து, "இவ்ளோ சின்ன தளத்துல இந்த எண்ணிக்கைய நான் பார்த்ததே இல்ல சார், என்ன பண்றீங்க?" என்று கேட்டார். வாத்தியார் வேலையில் இருந்த காலத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் ரூத் வேலை முடிந்து வந்து சாப்பாடு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. அவனியாபுரத்துப் பெண், கனகா, தலைப்பிரசவம் என்றாள். பிள்ளை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. ஏபி நெகட்டிவ். மருத்துவமனை இருப்பில் இரண்டு பாட்டில்தான் இருந்தது, ஏற்றியாயிற்று.

"அவங்கப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுறவரு. லேப் வாசல்ல நின்னு போன வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாருங்க. தொட்டா நகைக்கடை வருது, தொட்டா நகைக்கடை வருதுங்கிறாரு. நான் வாங்கிப் பாக்கலாம்னு பாத்தா, உள்ளேருந்து என்னயக் கூப்டுட்டாங்க. திரும்பி வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

"அஞ்சரை இருக்கும். ஏன்?"

"சும்மாதான்."

ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன். பிறகு போய் அந்த நேரத்துப் பதிவுகளைப் பார்த்தேன். ஐந்து பதினொன்றிலிருந்து ஐந்து முப்பத்திரண்டு வரை, அவனியாபுரம் பக்கத்து ஆள் ஒருவர், ஒரே போன், பதினேழு தொடுதல். ஒரே ஆளிடமிருந்து அதற்கு முன் அதிகபட்சம் ஒன்பது. குறித்து வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதாக ரூத்தும் பிறகு சொன்னாள். நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எட்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, கனகாவின் அப்பா கண்ணுச்சாமி எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஆபீஸ் என்றால் வில்லாபுரத்தில் ஒரு வெல்டிங் கடைக்கு மேலே ஓர் அறை. மைத்துனரும் இன்னும் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். பீமாராவ் கீழே ஆம்புலன்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் படியில் நின்றிருந்தேன். தளத்தில் பெயரும் போட்டோவும் அவனுடையவைதான். அதனால் அவனை அடித்தார்கள்.

முதலில் வண்டியின் கண்ணாடி. பிறகு அவன். மைத்துனர் வெல்டிங் கடையில் கிடந்த இரும்புச் சட்டத்தை எடுத்து முழங்காலில் அடித்தார். விழுந்தவனை வயிற்றில் மிதித்தார்கள். ஒரு பல் தெறித்து வாசற்படியில் விழுந்தது. காது கிழிந்தது. வெல்டிங் கடைக்காரர்கள் ஓடிவந்து பிடிக்கும்வரை பீமாராவ் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு, "அண்ணே, அடிங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு அடிங்க" என்றான்.

கண்ணுச்சாமி அடிக்கவில்லை. மனிதர் அதுவரை ஓரமாகத்தான் நின்றிருந்தார். கிட்டே வந்து குத்தவைத்து உட்கார்ந்து தன் போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இங்கதான்யா தொட்டேன். எம்புட்டு தடவ தொட்டேன். எம்பிள்ள உள்ள கிடக்கு, நீ எனக்கு நகை காட்டுற."

பீமாராவ் அந்தப் போனை வாங்கி, ஏபி நெகட்டிவ் என்று தட்டி, பச்சைப் பட்டனைத் தொட்டான். நகைக்கடை வந்தது. திரும்பி வந்து மறுபடி தொட்டான். திரையில் அவன் ரத்தம் ஒட்டியிருந்ததால் சட்டையில் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் தொட்டான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் படியிலேயே நின்றிருந்தேன்.

அவர்கள் மேல் புகார் கொடுக்கவேண்டாம் என்று அவன்தான் சொன்னான். நாலு நாள் மருத்துவமனையில் இருந்தான். ரூத்தும் நானும் போய்ப் பார்த்தோம். ரூத் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, "நீ வேணும்னு செஞ்சியா, தெரியாம நடந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டான். அவனிடம் நான் என்றைக்குமே பொய் சொன்னதில்லை. வேண்டுமென்றேதான் என்றேன். ஏன் எப்படி என்று ஒழுங்காக விளக்கினேன். ரூத் உரிப்பதை நிறுத்திவிட்டாள். அன்று சாயங்காலமே திண்டுக்கல்லில் அவள் அம்மா பாக்கியமேரி வீட்டுக்குப் போனவள்தான். நீங்கள் அங்கே போய் விசாரித்ததாகச் சொன்னீர்கள். அவள் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

தாமதத்தை எடுத்துவிடச் சொன்னான் பீமாராவ். சரி என்றேன். எடுக்கவில்லை. அந்த மாத முடிவில் ஏஜென்சிக்காரர் எங்கள் தளத்தை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. பத்து நாள் பொறுத்து எடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு ஆபீசுக்குப் போனேன். வெல்டிங் கடை லீவு. பீமாராவ் முழங்காலில் கட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிக் காகிதங்கள். பதினோரு மாதமாக நெகட்டிவ் ரத்தம் கேட்டுத் தளத்தில் பதிந்தவர்களின் பட்டியல். முப்பத்தொரு குடும்பம். ஒவ்வொன்றாகப் போன் செய்துகொண்டிருந்தான்.

"நாலு வீட்டுக்குப் பேசிட்டேன்" என்றான். "மூணு வீட்ல ஆளு இல்ல."

"சாயங்காலமாப் பேசு. ஞாயித்துக்கெழமை வெளிய போயிருப்பாங்க."

"செத்துட்டாங்கடா" என்றான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த மூன்று பேரும் நம்மால்தான் இறந்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். இந்தத் தளம் மூலம் பிழைத்தவர்களை எண்ணிப் பார்த்தாயா என்று கேட்டேன். வாசலில் நிற்கும் வண்டி எப்படி வந்தது என்று கேட்டேன். நியாயமான கேள்விகள்தான், மேடம். அவன் அடுத்த தாளை எடுத்துக்கொண்டான்.

"முப்பத்தொரு வீட்டுக்கும் பேசிட்டு நாளைக்குத் தளத்த மூடப் போறேன். ஏன் மூடுறேன்னு அதுலயே எழுதிப் போட்டுருவேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போறேன். நீயும் வா. வந்தா நல்லது."

"உங்கம்மா பேர்ல இருக்கிற தளம்டா."

"அதுனாலதான்."

சொல்லிவிட்டு ஐந்தாவது எண்ணைத் தட்ட ஆரம்பித்தான். எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி. ஆம்புலன்சின் கண்ணாடி உடைந்து திறந்து கிடந்ததால், உள்ளேயிருந்த சாமான்களை மேலே கொண்டுவந்து மூலையில் வைத்திருந்தோம். ஜாக்கிக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது.

கோபத்தில் அடித்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வருவது குறைவு. அவன் அந்தப் போனைப் பேசக் கூடாது, அவ்வளவுதான். முதல் அடி தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் விழுந்தது. சரிந்தான். போனை விடவில்லை. உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் கையில் அடித்தேன். விரல்கள் முறிந்தது கேட்டது. போன் சுவரில் மோதி அணைந்தது. அவன் என் காலைப் பிடித்தான். மூன்றாவதும் நான்காவதும் தலையில். நான்காவதில்தான் மண்டை திறந்தது. காகிதங்கள் எல்லாம் நனைந்துவிட்டன.

அவன் சாகவில்லை. கண் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வாயை அசைத்தான். ரத்தம்தான் வந்தது. நான் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் போனை எடுத்து, எங்கள் தளத்தின் ஆம்புலன்ஸ் பக்கத்தைத் திறந்து, அவன் இடது கையில் கொடுத்தேன். வலது கை உதவாது.

ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். உதவத்தான். அதோடு இன்னொன்றும் உண்டு, மறைக்கவேண்டாம். பதினோரு மாதமாக நான் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமான அவசரத்தில் இருக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கையாளுவதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பீமாராவ் கட்டைவிரலைக் கொண்டுபோனான். விளம்பரம் வந்து உட்கார்ந்தது. மெத்தைக் கம்பெனி. போனுக்குப் பின்பக்கம் என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன், அவனுக்குக் கனமாக இருந்தது. பழைய பக்கத்துக்குத் திரும்பி வந்தான். தொட்டான். மெத்தை. மூன்றாவது தடவை கொஞ்சம் காத்திருந்து தொடலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும், காரணம் தெரிந்தவன்தானே. ஆனால் காத்திருக்கவில்லை. யாரும் காத்திருப்பதில்லை. நான்கு முறை மெத்தை வந்தது. கண்ணுச்சாமி எப்படிப் பதினேழு தடவை தொட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஐந்தாவது முறை விரல் வழுக்கிப் பச்சைப் பட்டனில் விழுந்துவிட்டது. அழைப்பு போயிற்று. என் பின்னால் ஆணியில் தொங்கிய போன் அடித்தது. பட்டியலில் முதலில் இருப்பது எங்கள் ஆம்புலன்ஸ் எண்தான். வண்டி ஓடாவிட்டாலும், கூப்பிடுகிறவர்களை வேறு வண்டிக்கு அனுப்புவதற்காக அந்தப் போனை அணைக்காமல் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அது என் பொறுப்பு. எழுந்துபோய் எடுத்தேன். பழக்க தோஷம். "பாண்டியம்மாள் ஆம்புலன்ஸ், சொல்லுங்க" என்றேன்.

அவன் மூச்சு என் ஒரு காதில் போன் வழியாகவும் இன்னொரு காதில் நேராகவும் கேட்டது. போன் வழியாக வந்தது கொஞ்சம் பின்தங்கி வந்தது. "மாப்ள" என்றான், அது மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு வெறும் மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

கம்பியைக் கழுவி வண்டியில் சீட்டுக்கு அடியில் போட்டேன். சட்டையைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் எரித்தேன். மறுநாள் வெல்டிங் கடைக்காரர் பார்த்துச் சொல்லி நீங்கள் வந்தபோது, கண்ணுச்சாமி ஆள்களோடு வந்து அடித்துவிட்டுப் போனதை நான்தான் சொன்னேன். நடந்ததைத்தானே சொன்னேன். அவரை நீங்கள் பிடித்துக்கொண்டு போனீர்கள். பன்னிரண்டு நாளாக உள்ளே இருக்கிறார். தாயில்லாத அந்தக் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் விசாரித்தேன், அவர் மைத்துனர் வீட்டில் பார்க்கிறார்களாம்.

பீமாராவுக்கு அஞ்சலிப் பக்கம் ஒன்று தளத்தில் வைத்தேன். ரத்தம் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் என்று ஊர் உலகமெல்லாம் வந்து பார்த்தது. அவ்வளவு கூட்டம் எங்கள் தளத்துக்கு வந்ததே இல்லை. அவன் படத்துக்குக் கீழே 'அஞ்சலி செலுத்த' என்று ஒரு பட்டன். அதற்கும் அரை நொடிதான் வைத்தேன். ஏஜென்சிக்காரர் சொன்ன தேதியில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று நீங்கள் அழைப்புப் பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தீர்கள். என் போனிலிருந்து ஆம்புலன்ஸ் போனுக்கு, ஞாயிறு பகல் பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு, மூன்று நிமிடம் பத்தொன்பது நொடி. யார் பேசியது, யார் எடுத்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பீமாராவைக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, கண்ணுச்சாமியை விட்டுவிடுங்கள். அந்த முப்பத்தொரு குடும்பங்களைப் பற்றி நீங்கள் வேறு ஒரு தாள் நீட்டுகிறீர்கள். அதில் கையெழுத்துப் போட முடியாது, மேடம். ஒரு பட்டனை ஓர் அங்குலம் நகர்த்தியதற்குக் கொலை என்று பெயர் கிடையாது. பீமாராவ் விஷயத்திலும் ஒன்றை விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் பேச்சு நின்ற பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்த மூன்று நிமிடம் பத்தொன்பது நொடியும் லைனில் இருந்தேன். கடைசியில் அவன் விரல் சரிந்து பட்டுக் கட் ஆனது, அவன் பக்கத்திலிருந்துதான்.